தினைப்புனத்தில் வெள்ளைக் கொக்கு

எங்க பக்கம் திருவிழான்னா இன்னைக்கும் விடிய விடிய ‘வள்ளி திருமணம்’ நாடகம்தான். வள்ளி தினைப்புனம் காக்குற கதை. பறவை விரட்டுறது சம்சாரிக்குப் பழகின வேலை. அந்த நாடகத்தில் முருகன் வேஷம் கட்டி, வெள்ளைக்காரனையே கொக்காக்கிப் பாடியவர் விஸ்வநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்து, மதுரையை ஒட்டிய திருமங்கலத்தில் வாழ்ந்தவர். பாட்டுக்காகவே 29 தடவை கைதானார்னு சொல்வாங்க. மேடையில முருகனாக் கும்பிட்டாங்க. ஆனா முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்று அவரோடு நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று, சென்னை மேடையில் முருகனாக மயில் மேல் அமர்ந்திருந்தபோதே உயிர் பிரிந்தது. திருமங்கலத்தில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கு. மதுரைக்கு வந்தா, மீனாட்சி கோயிலோட திரும்பிடாம அங்கேயும் ஒரு எட்டு போய்ட்டு வாங்க.