ருஷியாவின் குடிசன மதிப்பு

நாம் மிஷன் பாடசாலையிற் பயின்ற காலத்தில், ருஷியா என்றால் தேவாலயங்களைப் பூட்டிய தேசம் என்றே கேள்விப்பட்டோம். வீட்டிலோ, மொஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ் நூல்களைப் படித்த பெரியவர்கள், அது ஏழைக்கு எழுத்தறிவித்த தேசம் என்பர். பல்கலைக்கழகத்திற் சரித்திரம் பயிலப் புகுந்த பின்னரே, இரு சாராருடைய கூற்றையும் சோதிக்க ஒரு வழி உண்டென்று கண்டோம். அதுதான் அந்நாட்டுக் குடிசன மதிப்பு.

பெரியவர்கள் சொன்னது மெய்யே. ஜார் ஆட்சியில், 1897 இல் எடுத்த கணக்கின்படி, 9 முதல் 49 வயது வரையுள்ளோரில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு 28 பேரளவினர். 1939 இல் அத்தொகை 87 ஆயிற்று. இதைக் குறைத்துப் பேசுவோருடன் நாம் உடன்படோம்.

ஆயினும், இவ்விரண்டுக்கும் இடையே 1937 ஜனவரி 6 ஆந் தேதி எடுத்த கணக்கொன்றுண்டு. 1933 முடிவில் நாட்டின் சனத்தொகை 16 கோடியே 80 இலட்சம் என்று ஸ்டாலின் 1934 இல் கட்சி மாநாட்டில் அறிவித்திருந்தார். மூன்றாண்டு கழித்து எண்ணியபோதோ, ஏறக்குறைய 16 கோடியே 20 இலட்சம் பேரே இருந்தனர். 1932-33 ஆம் ஆண்டுப் பஞ்சமே இதற்குப் பெருங் காரணம். கூட்டுப்பண்ணை முறையைப் பலவந்தமாகப் புகுத்தி, உக்ரேயினிலும் பிற பகுதிகளிலும் விதைத் தானியத்தைக்கூட அரசாங்கம் வாரிக்கொண்டது. கசாக்கிய மேய்ப்பர் மந்தைகளை இழந்து மடிந்தனர். விதைநெல் போன வீட்டின் கதி என்னவென்று வன்னிக் கமக்காரருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அக்கணக்கில் மதம் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. இருபதாண்டு நாஸ்திகப் பிரசாரத்தின் பின்னரும், வாசலில் வந்துநின்ற அரசாங்கக் கணக்கெடுப்பாளரிடம், 16 வயதுக்கு மேற்பட்டோரிற் பாதிக்கு மேற்பட்டவர் தாம் கடவுள் நம்பிக்கையுடையோர் என்றனர். எத்துணைத் துணிவு! 1939 இல் அக்கேள்வியே கேட்கப்படவில்லை.

1937 செப்டெம்பரில் அரசாங்கம் அக்கணக்கைச் செல்லாதென்று தள்ளியது. கணக்கெடுப்பை நடத்திய குவித்கின் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்ற பின்னரே அதன் விபரங்கள் வெளிவந்தன.

இதைப் படிக்கையில் எம் மனம் ஊருக்குத் திரும்பாதிருக்குமா? 1981 இன் பின் இலங்கை முழுவதையும் எண்ணிய குடிசன மதிப்பு 2012 இலேயே நடந்தது. 2001 இல் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் எண்ணப்படவில்லை. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி இவ்விரு மாவட்டங்களிலும் இருந்தோர் 4,29,059 பேர்; 2009 ஜூலை வரை அரசாங்கப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380 பேர்; மிகுதி 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று அவர் வினவினார். இது இறந்தோர் தொகையன்று. பெயர் இருமுறை பதிந்திருக்கலாம், கணக்கிலே பிழையிருக்கலாம் என்று வாதிப்போரும் உளர். அங்ஙனமாயின், ஊர் ஊராகச் சென்று பெயர்களைச் சரிபார்ப்பதே முறையன்றோ?

எம் வீட்டுக் குடும்ப அட்டை மாத்தளனுக்குப் போகும் வழியிற் தொலைந்துவிட்டது. அதிலிருந்த ஏழு பெயர்களையும் அம்மம்மா இன்றும் வரிசையாகச் சொல்லுவார்.