இடாப்பில் நின்றுபோன பெயர்கள்

1977 ஆகஸ்ட் கலவரத்தில் மலையகத்தின் தோட்டங்கள் பலவற்றில் லயங்கள் தாக்கப்பட்டன. அஞ்சிய குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போயின. கொழுந்து பறித்த கைகள் அங்கே காடு வெட்டின. டொக்டர் இராஜசுந்தரமும் எஸ். ஏ. டேவிட்டும் நடத்திய காந்தீயம் அமைப்பு அவர்கள் குடியேறத் துணை நின்றது. 1983 ஏப்ரலில் இருவரும் கைதாயினர். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் டொலர் பாம், கென்ட் பாம் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

1948ஆம் ஆண்டுச் சட்டம் பலரை நாடற்றவராக்கியிருந்தது. அதனால் வெட்டித் திருத்திய காணிக்கும் உறுதி கிடைக்காமல் தவித்தார்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் முட்கம்பிக்குள் நின்றவர்களிலும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருந்தார்கள். ஒரே குடும்பம், நாட்டுக்குள்ளேயே இரண்டு மூன்று தடவை அகதி.

இரவோடு இரவாகப் போன வீட்டுப் பெண்பிள்ளைகள் விடுகைப் பத்திரம் வாங்கிக்கொண்டா போயிருப்பார்கள்? வகுப்பு இடாப்பில் வரவு ஒருநாளோடு நின்றிருக்கும். அவர்களும் எங்கள் பழைய மாணவியரே. இந்த நூற்றாண்டு மலரை வாசிக்கும் சகோதரிகளே, பக்கத்து வாங்கில் இருந்து திடீரென வராமல் போன தோழி யாராவது நினைவுக்கு வருகிறாரா? அவர் பெயரைச் சங்கத்துக்கு எழுதியனுப்புங்கள், பட்டியலில் சேர்ப்போம்.