எல்லாரிடமும் உள்ள கிருமி, சிலருக்கே வரும் நோய்



மின்சாரக் கம்பியின் உள்ளே செம்பும் அதன்மேல் ஓர் உறையும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உறை கெட்டால் மின்சாரம் ஒழுங்காகப் போய்ச் சேராது. நம் நரம்புகளுக்கும் மயலின் என்னும் உறை உண்டு. நம்மைக் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே வழிதவறி, மூளையிலும் முதுகுத் தண்டிலும் உள்ள அந்த உறையை அழிப்பதுதான் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் என்னும் நோய். கண் மங்கும், கை மரத்துப்போகும், கால் தள்ளாடும். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் இது தொடங்குகிறது. குளிர்நாடுகளில் மிகுதி; நம் நாட்டில் அரிது.

1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மருத்துவர் சார்கோ இந்நோயைத் தெளிவாக விளக்கினார். 1884இல் அவருடைய மாணவர் பியேர் மரீ, இதற்குத் தொற்றுக் கிருமியே காரணமாகலாம் என்றார். எந்தக் கிருமி என்று அவரால் காட்ட இயலவில்லை. தேடல் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

1962இல் நோயாளிகளின் இரத்தத்தில் தட்டம்மைக்கு எதிரான பொருள் மிகுந்திருப்பதைக் கண்டு, சிலர் தட்டம்மை மீது ஐயம் கொண்டனர். வட கடலிலுள்ள ஃபாரோ தீவுகளில் 1940 முதல் பிரிட்டிஷ் படை தங்கியிருந்தது. அந்தப் படை வந்த பிறகே அங்கே இந்நோய் பரவியது என்று 1979இல் இரு அறிஞர்கள் எழுதினர். அதை ஏற்றவரும் உண்டு, மறுத்தவரும் உண்டு.

இதற்கிடையே, 1964இல் லண்டனில் எப்ஸ்டீன், அச்சோங், பார் என்னும் மூவர், உகாண்டாவிலிருந்து வந்த ஒரு புற்றுக்கட்டியில் புதிய வைரஸ் கிருமி ஒன்றைக் கண்டனர். அதுவே எப்ஸ்டீன்-பார் வைரஸ். எச்சில் வழியே பரவும் இக்கிருமி, உலகில் வளர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உடலில் தங்கியிருக்கிறது. பெரும்பாலோர்க்கு அது தெரிவதே இல்லை.

சிக்கல் இங்கேதான். லயத்தில் எல்லார் வீட்டிலும் தீப்பெட்டி இருக்கிறது; ஒரு வீடுதான் எரிந்தது. தீப்பெட்டிதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? தீப்பெட்டியே இல்லாத வீடுகளைத் தேடிப் பிடித்து, அங்கே தீப்பற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்கப் படைவீரர்களின் இரத்தம் வேறொரு நோய்ச் சோதனைக்காக எடுக்கப்பட்டு, மிச்சம் பாதுகாக்கப்பட்டு வந்தது. ஹார்வர்டு அறிஞர்கள், ஒரு கோடிக்கு மேற்பட்ட வீரர்களிடையே இந்நோய் கண்ட 801 பேரின் பழைய இரத்தத்தைச் சோதித்தனர். அவர்களுள் 35 பேரிடம் முதலில் இக்கிருமி இல்லை. நோய் தொடங்குமுன் அந்த 35 பேரில் 34 பேருக்கு அது தொற்றியிருந்தது! தொற்றிய பின் நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்ததாக 2022இல் அவர்கள் அறிவித்தனர். வேறு வைரஸ்களுக்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அதே ஆண்டில் இன்னொரு குழுவினர், இக்கிருமியின் ஒரு புரதம் நரம்பு மண்டலத்துப் புரதம் ஒன்றைப் போலவே இருப்பதைக் காட்டினர். பகைவன் என்று எண்ணி உடல் தன்னையே தாக்குவது எவ்வாறு என்பதற்கு இது ஒரு விளக்கம்.

ஆயினும், கிருமி மட்டும் போதாது. பரம்பரைக் கூறு, வெயில் குறைவு, புகைப்பழக்கம் முதலியனவும் சேர வேண்டும். அதனால்தான் கிருமியுள்ள பலருக்கும் நோய் வருவதில்லை.

நேயர்களே, இந்த வரலாற்றிலிருந்து நாம் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கால் தள்ளாடுபவரைக் கண்டதும் "குடித்திருக்கிறான்" என்றும், "செய்வினை" என்றும் சொல்லிவிடுகிறோம். அது நரம்பு நோயாகவும் இருக்கலாம். கிருமிக்குத் தொடர்பு இருந்தாலும் இந்நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அவரோடு உண்ணலாம், உறங்கலாம். நோயை முற்றும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. அதன் வேகத்தைக் குறைக்கும் மருந்துகள் உண்டு. எனவே, ஒரு கண் திடீரென மங்கினாலோ, கால் மரத்துப் பல நாள் நீடித்தாலோ, மந்திரிக்கக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.