கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பு: இலங்கை

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் என்பது கருப்பையின் கீழ்ப்பகுதியான கழுத்தில் உருவாகும் புற்றுநோய். மனித பாப்பிலோமா வைரசின் (எச்.பி.வி.) நீடித்த தொற்றே ஏறத்தாழ எப்போதும் இதற்குக் காரணம். அவ்வைரசின் 16, 18 ஆகிய வகைகள் மட்டும் சுமார் 70 சதவீதமான நோயை உண்டாக்குகின்றன. தொற்று புற்றாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். அதற்குள் கண்டறிந்தால் நோய் வராமலே தடுக்கலாம். ஆயினும் 2022இல் உலகெங்கும் சுமார் 350,000 பெண்கள் இதனால் இறந்தனர். அவர்களில் 94 சதவீதமானோர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

பரிசோதனை

இலங்கையில் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996இல் தொடங்கப்பட்டன. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் வழிகாட்டலில் இயங்கும் இவை 35 வயதுப் பெண்களை முதன்மையாக அழைக்கின்றன. பின்னர் 45 வயதினரும் சேர்க்கப்பட்டனர். இங்கு பாப் பரிசோதனையுடன் மார்பகம், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவையும் இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. கழுத்துப் பகுதியிலிருந்து சில கலங்களைச் சுரண்டி எடுக்கச் சில நிமிடங்களே போதும். மாற்றம் தென்பட்டால் மேல் பரிசோதனைக்கு வைத்தியசாலைக்கு அனுப்புவர்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட கொழும்பு நகரில் மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களமே சமூக சுகாதாரப் பணிகளை நடத்துகிறது. புற்றுநோய்ச் சிகிச்சைக்கான தேசிய நிலையம் மகரகமவில் உள்ள அபேக்‌ஷா வைத்தியசாலை. நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்று எண்ணிப் பல பெண்கள் வராமல் விடுகின்றனர். வெட்கமும் அச்சமும் சேர்ந்து தடுக்கின்றன. வீடு தேடிச் செல்லும் மருத்துவமாது தரும் விளக்கமே இத்தடையை நீக்கும் முதல் வழி.

தடுப்பூசி

எச்.பி.வி. தடுப்பூசி 2017இல் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெற்றது. பாடசாலைகளில் 6ஆம் தர மாணவியருக்கு ஆறு மாத இடைவெளியில் இரு தடவை வழங்கும் முறையில் அது தொடங்கியது.

குறைந்த செலவில் தீர்வு

ஆய்வுகூடம் குறைந்த இடங்களுக்குத் தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்ட ஆய்வு ஒரு வழி காட்டியது. அசெற்றிக் அமிலம் தடவி, வெள்ளையாக மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்கும் முறை அங்கு பயன்பட்டது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட குழுவில் இறப்பு 35 சதவீதம் குறைந்ததாக 2007இல் அறிவிக்கப்பட்டது.

இலக்கு

2030க்குள் 90 சதவீதமான சிறுமியருக்குத் தடுப்பூசி, 70 சதவீதமான பெண்களுக்கு 35, 45 வயதுகளில் உயர்தரப் பரிசோதனை, நோய் கண்டோரில் 90 சதவீதமானோருக்குச் சிகிச்சை என உலக சுகாதார நிறுவனம் 2020இல் இலக்கு வகுத்தது. இலங்கையில் முதன்முதல் ஊசி பெற்ற மாணவியர் 2040களின் தொடக்கத்திலேயே 35 வயதை அடைவர். அதுவரை அவர்களின் தாய்மாரையும் மூத்த சகோதரியரையும் காக்கக்கூடியது பரிசோதனையே.