கண்டிச் சீமையின் படமாளிகைகள்: ஒரு சமூக வரலாற்றுக் குறிப்பு

கண்டி நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் தலதா மாளிகையிலும் வாவியிலும் 1815 ஆம் ஆண்டு உடன்படிக்கையிலும் தொடங்கி, 1867இல் புகையிரதம் வந்து சேர்ந்ததோடு நவீன காலத்துள் நுழைவது வழக்கம். கோயில்கள், பாடசாலைகள், வணிகத் தெருக்கள் ஆகியனவும் அவ்வரலாறுகளில் உரிய இடம் பெறுகின்றன. ஆனால் அந்நகரிலும், அதனைச் சூழ்ந்த கம்பளை, நாவலப்பிட்டி, மாத்தளை முதலிய சிறு பட்டினங்களிலும் அரை நூற்றாண்டுக்குக் குறையாத காலம் மக்களை வாரந்தோறும் ஈர்த்து நின்ற படமாளிகைகளைப் பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது. அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டமையும் அவ்வாறே கவனிப்பின்றிப் போயிற்று. அம்மறைவின் காரணங்களைப் பற்றிச் சில கருத்துக்களை முன்வைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் படம் காட்டப்பட்ட முதல் நிகழ்ச்சி 1901இல் நடந்ததென்றும், தேசாதிபதி வெஸ்ட் ரிட்ஜ்வேயும் தியத்தலாவை முகாமிலிருந்த போயர் போர்க் கைதிகளும் அதனைப் பார்த்தனரென்றும் கூறுவர். குடியேற்ற ஆட்சியின் தலைவரும் அதன் கைதிகளும் ஒருசேரப் பார்த்த இப்புதுமை, அதே மலைகளில் தேயிலை பறித்தோரிடம் வந்துசேரப் பல தசாப்தங்கள் சென்றன. 1928இல் சிற்றம்பலம் ஏ. கார்டினர் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடக்கியதன் பின்னரும், பிற்காலத்தில் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் நிறுவனம் அதனோடு போட்டியிட்டதன் பின்னருமே படமாளிகைகள் வலையமைப்பாக நாடெங்கும் பரந்தன. முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ 1947இல் வெளிவந்தபோது, அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். அது உருவாக்கப்பட்டது தென்னிந்தியாவில். இத்தொழிலின் முதலீடும் நுட்பமும் இனவெல்லைகளுக்குள் அடங்காதவையாக இருந்தன என்பதை இங்கு குறித்துக்கொள்வோம்.

கண்டி நகரில் வெம்பிளி, ஓடியன், ரீகல் ஆகிய பெயர்கள் எவருக்கும் பழக்கமானவை. மூன்றும் ஆங்கிலப் பெயர்கள். இப்பெயர் தாங்கிய மண்டபங்களுள் ஓடிய படங்களோ பெரும்பாலும் சென்னை, பம்பாய்ப் படங்களும் பின்னாளிற் சிங்களப் படங்களுமே. புதுப்படம் முதலிற் கொழும்பு, கண்டி போன்ற நகரங்களில் ஓடித் தேய்ந்து, கீறல் விழுந்த பிரதியாகவே சிறு பட்டினங்களை அடையும். தகரக் கூரையில் மழை விழுந்தால் வசனம் கேளாது. மலைநாட்டு மழையோ சிறிதில் ஓயாது. படச்சுருள் அறுந்தால் கலரியிலிருந்து விசில் எழும். வாயிலிற் சில சதத்துக்கு வாங்கிய பாட்டுப் புத்தகம் இலயத்துக்கு வந்து பலர் கைமாறும். இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அப்பாடல்களை மீண்டும் மீண்டும் ஒலிபரப்பியதால், படம் ஊரைவிட்டுப் போன பின்பும் அது மக்களிடையே வாழ்ந்தது.

இம்மண்டபங்களை நிரப்பியோர் யார்? சிங்கள நகரவாசிகளும் முஸ்லிம் வணிகரும் அரசாங்க ஊழியரும் மாணவரும் இருந்தனர். எனினும் தமிழ்ப் படத்துக்கு நிலையான வருவாயைத் தந்தோர் ஹந்தானை, கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை ஆகிய பகுதிகளின் தோட்டத் தொழிலாளரே. தோட்டம் என்பது தனியார் உடைமையாக இருந்த உலகம். விடியலிற் பிரட்டுக் களத்திற் பெயர் போடுவது முதல் இரவில் இலயத்துக்கு யார் வந்து போகின்றார் என்பது வரை துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அறிந்தவையாகவே இருந்தன. அவ்வுலகிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பட்டினத்துக்கு வரும் குடும்பத்துக்குப் படமாளிகை மூன்று மணி நேரமேனும் எவருடைய மேற்பார்வையும் இல்லாத இடமாயிற்று. நுழைவுச்சீட்டுக் கொடுப்பவர் அவர்களை எந்தத் தோட்டம் என்று கேட்பதில்லை.

பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, வாங்கும் சக்தியே என்றும் காட்டினார். தமிழகத்தையும் யாழ்ப்பாணத்தையும் நோக்குமிடத்து இக்கூற்று மிகப் பொருத்தமானது. மலைநாட்டுக்கு இதனைப் பிரயோகிக்கும்போது ஒரு திருத்தம் தேவை என நாம் கருதுகின்றோம். இங்கு மீறப்பட்ட எல்லை சாதி மட்டுமன்று. தோட்டத்துக்கும் பட்டினத்துக்கும் இடைப்பட்ட எல்லையுமாகும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர், வாக்குச் சாவடிக்குள் நுழைய முடியாதவராக இருந்த காலத்தில், காசு கொடுத்து உரிமையோடு நுழையக்கூடிய பொது மண்டபம் இது ஒன்றாகவே இருந்தது என்றால் அது மிகையாகாது. கலரி என்பது திரைக்கு மிக அண்மையில், கழுத்து நோவெடுக்கப் பார்க்கும் இடமே என்பதும் உண்மை. வர்க்கம் வாயிலில் விடைபெற்றுச் செல்லவில்லை. பலகை வாங்கில் வந்து அமர்ந்திருந்தது.

முற்போக்கு இலக்கிய இயக்கத்தைச் சார்ந்த நாம் இங்கு ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. சென்னைப் படங்களின் போலிக் கனவுகளை நாம் கண்டித்தோம், கண்டித்தது சரியே. ஆயின் படத்தை மட்டும் பார்த்த நாம் மண்டபத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம். நாவலப்பிட்டிப் பகுதியில் 1917இற் பிறந்த ஒருவர் திரையிற் சவுக்கைப் பிடுங்கி எசமானனை அடித்தபோது எழுந்த கரவொலியை வெறும் மயக்கம் என்று தள்ளிவிடுதல் எளிது. அக்கரவொலியில் துரைமாரைப் பற்றிய ஒரு தீர்ப்பும் கலந்திருந்தது.

மறைவுக்கான காரணங்களிற் தொலைக்காட்சியையே பலரும் முதலிற் சுட்டுவர். கால ஒழுங்கு அக்கருத்துக்கு முற்றாக இடந்தரவில்லை. அதற்கு முன்பே இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்துவிட்டன. முதலாவது, 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரைப் பங்கிட்ட அவ்வொப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என முடிவாயிற்று; எஞ்சிய 1,50,000 பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். 1980களின் நடுப்பகுதிவரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் தலைமன்னாரிற் கப்பலேறினர். கண்டியிலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கடவுச்சீட்டுக்குக் காத்துநின்றவரும் ஞாயிற்றுக்கிழமை கலரியில் அமர்ந்தவரும் ஒரே மக்கள். ஒரு படமாளிகையின் பார்வையாளரை அரசுகள் இரண்டு கூடி ஒப்பமிட்டு நாடுகடத்திய வரலாறு வேறெங்கும் உண்டோ தெரியாது.

இரண்டாவது, 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனம். படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் தனியுரிமையாயின. இந்திய வணிகப் படங்களின் ஆதிக்கத்தைத் தளர்த்தி உள்நாட்டுப் படங்களுக்கு இடந்தேடிய இக்கொள்கையை நாம் வரவேற்றோம். இன்றும் அதனை முற்றாக நிராகரிப்பதற்கில்லை. தர்மசேன பத்திராஜா போன்றோரின் சிங்களப் படங்கள் அச்சூழலிலேயே வளர்ந்தன. அவரே 1977இல் ‘பொன்மணி’யைத் தமிழில் நெறிப்படுத்தினார். ஆனால் தமிழ்ப் படங்களை நம்பியிருந்த சிறு மண்டபத்துக்குப் படவரவு சுருங்கிற்று. 1963இன் ‘தோட்டக்காரி’, தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 1975இல் தயாரித்த ‘புதிய காற்று’ ஆகிய ஈழத்துத் தமிழ்ப் படங்கள் மலையக வாழ்வைத் தொட்டன எனினும், ஆண்டு முழுவதும் திரையை நிரப்ப அவை போதா.

1977இன் பின் வந்த திறந்த பொருளாதாரம், முதலில் படமாளிகைகளுக்கு நன்மையே செய்தது. 1979இல் நாடு முழுவதிலும் ஏழு கோடிக்கு மேற்பட்ட நுழைவுச்சீட்டுக்கள் விற்பனையாகின. அது உச்சம். அதே ஆண்டு ஏப்ரிலில் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரியில் ரூபவாஹினியும் தொடங்கின. வீடியோ நாடாக்கள் தடையின்றி வந்திறங்கின.

இதனிடையே 1983 யூலை வந்தது. 26 ஆம் திகதி பிற்பகலிற் பேராதனை வீதியில் தொடங்கிய தீ, காசில் வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி எனப் பரவித் தமிழர் கடைகளை அழித்தது. மாலையில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. கும்பல் கம்பளையை நோக்கிச் சென்றது. அதே நாட்களில் ஹெந்தளையிற் குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டு, படங்களின் மூலச் சுருள்கள் சாம்பராயின. எரிந்தவற்றுட் பல சிங்களப் படங்கள். சிங்களப் படங்களை நெறிப்படுத்திய கே. வெங்கட் கொல்லப்பட்டார். இனவெல்லைகளுக்குள் அடங்காதது என நாம் முன்னர் குறித்த தொழிலின் கதி இவ்வாறாயிற்று. இரவுக் காட்சிக்குக் குடும்பத்தோடு சென்று பிந்திய பஸ்ஸில் தோட்டம் திரும்பும் வழக்கம் அவ்வாரத்தோடு முடிவடைந்தது. தமிழ்ப் படம் பார்ப்பது அச்சத்துக்குரிய செயலாகவே, வீடியோ பாதுகாப்பான மாற்றீடாயிற்று. தொலைக்காட்சிப் பெட்டி தன் திறமையால் மட்டும் வென்றதென்று நாம் கொள்வதற்கில்லை; அச்சம் அதற்கு வழி திறந்துவிட்டது.

1987 முதல் 1989 வரையான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் இந்தியப் பொருட்களுக்கெதிரான பகிஷ்கரிப்பும், இருதரப்புக் கொலைகளும், மாலையிலேயே வெறிச்சோடிய வீதிகளும் எஞ்சியதையும் நலிவடையச் செய்தன. குணரத்தினமும் 1989இற் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பின்னர் நிகழ்ந்தது மெல்லத் தேய்தலே: 2000 ஆம் ஆண்டளவில் விநியோகம் மீண்டும் தனியாரிடம் சென்றமை, சுருளிலிருந்து டிஜிட்டலுக்கு மாறப் பணமில்லாமை, 2020இன் பெருந்தொற்று, 2022இன் மின்வெட்டு. நிலத்தின் விலை மண்டபத்தின் வருவாயைப் பன்மடங்கு கடந்துவிட்ட பட்டினங்களில் உரிமையாளரைக் குறைகூறுவதும் பொருந்தாது.

இன்று பேரங்காடிகளுக்குள் அமையும் பலதிரை அரங்குகள் குளிரூட்டப்பட்டவை, ஒலி தெளிவானது, மழைச் சத்தம் கேளாது. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. நால்வர் கொண்ட குடும்பம் ஒன்று அவ்வரங்கிற்கு ஒருமுறை செல்ல அக்கூலி போதாது. கலரி என்ற வகுப்பு அங்கில்லை. கலரியில் அமர்ந்தோரும் இல்லை.

இத்துறையில் ஆராய விரும்பும் மாணவர், களியாட்ட வரி அறவிட்ட மாநகர, நகர சபைகளின் பதிவேடுகளிலிருந்தும், வீரகேசரி, தினகரன் ஏடுகளின் பட விளம்பரங்களிலிருந்தும் தொடங்கலாம். ஆயின் ஏடுகள் காத்திருக்கும். கரிக்கோல் விளக்கின் முன் நின்று இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சுருள் மாற்றிய இயக்குநரும், சீட்டுக் கிழித்தவரும், பாட்டுப் புத்தகம் விற்றவரும் எண்பது வயதை அண்மியிருப்பர். முதலில் அவர்களிடமே செல்ல வேண்டும்.