பிராந்தி என்கிற ரம்

பெரியப்பா ரம்மைத் தொடமாட்டார். "ரம்மு சூடு கண்ணு. பனியில நிக்கற மிலிட்டரிக்காரனுக்குத்தான் அது ஆகும். பிராந்தி திராட்சையில பண்றது, ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாது" என்பார். நாமகிரிப்பேட்டை மஞ்சள் மண்டியில் கணக்கு முடிந்த சாயங்காலங்களில் குவார்ட்டர் பாட்டிலோடு வீட்டுக்கு வருவார். ஊரில் பாதிப்பேருக்கு இந்த நம்பிக்கை உண்டு. சளி பிடித்த குழந்தையின் நெஞ்சில் பிராந்தி தடவியவர்கள் ரம்மைத் தடவியிருக்கமாட்டார்கள்.

நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆன்சைட் வேலையாக ஹாம்பர்க்கில் இருந்தபோது, உடன் வேலை செய்த ஜெர்மானியருக்கு இந்திய விஸ்கி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தேன். மறுநாள் அவர் சிரித்துக்கொண்டே, "எங்கள் சட்டப்படி இதை விஸ்கி என்று விற்க முடியாது. இது ரம்முக்குச் சொந்தக்காரன்" என்றார். 1989இல் வந்த ஐரோப்பிய விதி அது. தானியத்தில் வடித்து மூன்று வருடமாவது மரப்பீப்பாயில் கிடந்தால்தான் விஸ்கி. திராட்சை ஒயினில் வடித்தால் பிராந்தி. கரும்பு ஆலையின் கழிவுப்பாகில், அதாவது மொலாசஸில் வடித்தால் ரம். நம்மூரில் இந்த எல்லாப் பெயர்களுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்கு: மொலாசஸிலிருந்து 96 சதவீதத்துக்குச் சுத்தம் செய்த ஆல்கஹால். கண்டிப்பாகப் பார்த்தால் அது ரம்கூட இல்லை, ரம்மில் கரும்பின் வாசம் மிஞ்சியிருக்கவேண்டும். வாசத்தையும் எடுத்துவிட்டு, நிறமும் எசென்ஸும் சேர்த்துப் பெயர் வைத்துவிடுகிறார்கள்.

இந்த மொலாசஸ் எங்கள் ஊருக்கு எப்படி வந்தது என்ற கேள்வியோடுதான் ரம்மின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கம் கரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் வெல்லம் காய்ச்சுகிற ஆலைக்கொட்டகையில் மொலாசஸ் என்ற ஒன்று கிடையாது. கொப்பரையில் ஊற்றிய சாறு முழுவதும் பாகாகி வெல்லமாகிவிடும். அழுக்கு நுரையை வழித்துப் போடுவதோடு சரி. வெல்லத்தையும் வெள்வேலம் பட்டையையும் ஊறப்போட்டுச் சாராயம் காய்ச்சினார்கள்தான். ஆனால் அதற்கு விற்கக்கூடிய வெல்லத்தை அழிக்கவேண்டும். வெள்ளைச் சர்க்கரை அப்படியல்ல. படிகத்தைப் பிரித்தெடுத்தபின் கருப்பாக ஒரு பாகு மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டில் பார்படோஸ் தோட்டக்காரர்களுக்கு இது தலைவலியாக இருந்தது. வடித்தால் காசு என்று தெரிந்ததும் ரம் பிறந்தது. மூலப்பொருள் கிட்டத்தட்ட இலவசம். சர்க்கரை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு ரம்மும் கூடும், யாருக்குத் தாகம் எடுக்கிறது என்ற கேள்வியே அங்கு இல்லை. குடிக்கிற வாயைத் தேடித்தான் அது கப்பலேறியது. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு விலையாகக் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குத் தினப்படியாக ஊற்றியது, 1970 ஜூலை 31 வரை.

இந்தியாவும் அந்த வியாபாரத்தில் இருந்தது. 1796 நவம்பரில் 'சிட்னி கோவ்' என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குக் கிளம்பியது. அரிசி, சர்க்கரையோடு சுமார் 7000 காலன் சாராய வகைகள் அதில் இருந்தன. சிட்னி அப்போது கைதிகளின் குடியேற்றம். அங்கே பட்டாளத்து அதிகாரிகள் ரம்மைக் கூலியாகவே கொடுத்து வந்தார்கள், ஆகவே எவ்வளவு வந்தாலும் விற்கும். 1797 பிப்ரவரியில் டாஸ்மேனியாவுக்கு வடக்கே ஒரு தீவில் கப்பல் தரைதட்டியது. மாலுமிகள் குடித்துவிடக் கூடாதென்று பீப்பாய்களைப் பக்கத்துத் திட்டில் இறக்கினார்கள். அந்தத் திட்டுக்கு இன்றும் ரம் தீவு என்றுதான் பெயர். உதவி தேடி 17 பேர் படகில் போனார்கள், பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்படும் இந்திய மாலுமிகள். படகும் உடைந்தது. கரையோரமாக 600 கிலோமீட்டருக்கு மேல் நடந்து மே மாதம் மீட்கப்பட்டவர்கள் மூன்றே பேர், அதில் லஸ்கர் ஒருவர்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். ஈ.ஐ.டி. பாரி என்றால் நமக்குச் சர்க்கரை. அந்த ஈ.ஐ.டி., 1897இல் தொடங்கிய 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டில்லரீஸ் அண்ட் சுகர் ஃபேக்டரீஸ்' கம்பெனியின் மிச்சம். பெயரில் சாராயம் முதலில், சர்க்கரை அப்புறம்.

சேலம் ஜில்லாவில் அன்று குடி என்றால் கள்ளும் சாராயமும்தான். 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி மதுவிலக்குப் பிரச்சாரம் செய்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலத்தில்தான் முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். எங்கள் ஊரும் அந்த ஜில்லாதான். ஆத்தா அப்போது கைக்குழந்தை. "கடைய மூடுன வருசந்தான் எங்கய்யன் எங்கம்மாளுக்குக் காதுக்கு வாங்கிப் போட்டாரு" என்று தன் அம்மா சொல்லக் கேட்டதைச் சொல்லும். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுதான் தொடக்கம். இன்று நாம் பில்லில் கட்டுகிற வரியின் தாத்தா என்று சொல்லலாம்.

1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971இல் தளர்வு, மறுபடி மூடல், 1981இல் மறுபடி திறப்பு. 1983இல் டாஸ்மாக். இதற்கெல்லாம் நடுவில் எனக்கு முக்கியமாகப் படுவது 1987 ஜனவரி 1. அன்றுமுதல் கள் இறக்குவது குற்றம். பனையேறியின் பானை உடைந்தது, மொலாசஸ் சரக்கு கடையில் நின்றது. 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. கள் நல்லதென்று சொல்லவரவில்லை, கள்ளால் கெட்ட குடும்பங்களை ஆத்தா பேர் சொல்லி எண்ணும். ஆனால் மரத்தில் இறங்கிய கள்ளுக்கு ஒருநாள் ஆயுசு, அது ஊரைத் தாண்டாது. ஆலைச் சரக்கு மிஞ்ச மிஞ்ச எங்கும் போகும். பார்படோஸ்காரனின் கணக்கு எங்கள் ஊர் முக்குக்கடைவரை வந்துவிட்டது.

இதையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேனா என்றால், இல்லை. ஹாம்பர்க்கிலிருந்து வந்தபோதே சொல்லியிருக்கலாம். அவருடைய பிராந்தியைக் கிண்டல் செய்வதுபோல ஆகிவிடுமோ என்று விட்டுவிட்டேன். அப்புறம் கல்லீரல் என்றார்கள். ஆஸ்பத்திரியிலும், "நான் என்ன சாராயமா குடிச்சேன்?" என்று டாக்டரிடம் கேட்டார்.

காரியம் முடிந்து அட்டாலியைச் சுத்தம் செய்தபோது இரண்டு சாக்கு காலி பாட்டில்கள் இருந்தன. ஒன்றை எடுத்து லேபிளைத் திருப்பினேன். முன்னால் திராட்சைக் கொத்துப் படம். பின்னால் பொடி எழுத்தில் ஆல்கஹால், தண்ணீர், நிறம், வாசனை.

"என்ன சாமி அதுல படிக்கற?" என்றார் பெரியம்மா.

"ஒண்ணுமில்ல பெரிம்மா" என்று சாக்கில் போட்டேன். பழைய இரும்புக்காரர் வாசலில் தராசோடு நின்றிருந்தார்.