எழுத்துக்கு அஞ்சிய சட்டம்

1739ஆம் ஆண்டு செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. தென் கரோலினாவின் நெற்பண்ணைகளுக்கு நடுவே, ஜெம்மி என்பவன் தலைமையில் அடிமைகள் ஏறத்தாழ இருபதின்மர் ஸ்டோனோ ஆற்றருகே திரண்டனர். கடையொன்றைத் தாக்கித் துப்பாக்கிகளைக் கைப்பற்றினர். வழியில் வெள்ளையர் பலரைக் கொன்றனர். முரசறைந்து தெற்கே நடந்தனர். ஸ்பானியர் ஆண்ட புளோரிடாவை அடைந்தால் விடுதலை! அன்று மாலையே வெள்ளையர் படை அவர்களை முறியடித்தது.

ஆயினும் அச்சம் தீர்ந்ததா? 1740இல் பிறந்த சட்டம் அடிமைகளுக்கு முரசையும் கொம்பையும் விலக்கியது. அவர்களுக்கு எழுதக் கற்பிப்போருக்கு 100 பவுன் தண்டம் விதித்தது. படிக்கக் கற்பிப்பதை அது தடுக்கவில்லை; நம்மனைய ஆசிரியர் கருதத்தக்கது இது. பண்ணையை விட்டு வெளியே செல்ல ஆண்டை எழுதித் தரும் சீட்டு வேண்டும். எழுதத் தெரிந்தவன் அதைத் தானே எழுதிக்கொள்வான் அன்றோ?

1836இல், மேரிலாந்தில் அடிமையாயிருந்த பிரெடரிக் டக்ளஸ் அதையே செய்தார். தப்பியோடத் துணிந்த தோழர்க்கெல்லாம் தம் கையாலேயே சீட்டெழுதினார். திட்டம் வெளிப்பட்டுப் பிடிபட்டபோது, தம் சீட்டைத் தீயிலிட்டார். தோழர்கள் தம்முடையவற்றை மென்று விழுங்கினர்.